கிணற்றுக்கு எவ்வளவு வருகிறது, எவ்வளவு போகிறது? பந்திங் வட்டாரத்துக்கான நிலத்தடி நீர்க் கேள்வி பதில்

குழாயில் தண்ணீர் நின்றால், சிலாங்கூர்க் கடற்கரையோரம் இருக்கும் நம் பந்திங் பக்கம் முதலில் கிளம்பும் பேச்சு, "ஒரு டியூப்வெல் போட்டுறலாம்" என்பதுதான். 2014 தொடக்கத்தில் லங்காட் ஆற்றில் அமோனியா ஏறி, செராஸ் 11ஆவது மைல், புக்கிட் தம்போய் சுத்திகரிப்பு நிலையங்கள் மூடப்பட்டபோதும் இதைத்தான் பேசினோம். தோட்டத்தை விட்டு வெளியே வந்து ஓர் ஏக்கர், இரண்டு ஏக்கரில் மிளகாய், வெண்டை, பாகற்காய் போடுகிறவர்களுக்கு இது வெறும் பேச்சு இல்லை, பிழைப்பு. கோயில் மண்டபத்திலும் ஒட்டுக்கடையிலும் திரும்பத் திரும்பக் காதில் விழுந்த கேள்விகளை இங்கே ஒன்றுசேர்த்திருக்கிறேன். வேறு நாடுகளில் விவசாயிகள் ஒரு நிலத்தடி நீர்ப் படுகையையே வற்றவைத்துவிட்டு, பிறகு அதைச் சீர்செய்யத் திட்டம் போட்ட கதைதான் பதில்களில் அதிகம் வரும். அவர்கள் கடைசியில் செய்ததை நாம் முதலிலேயே செய்துவிடலாம் என்பது என் கட்சி.

கேள்வி: வருஷம் முழுக்க மழை கொட்டுற ஊரு இது. இங்க எப்படி நிலத்தடித் தண்ணி குறையும்?

மழை மண்ணில் விழுவது வேறு, நாம் இறைக்கும் மணல் அடுக்கைப் போய்ச் சேர்வது வேறு. டெங்கிலுக்குக் கீழே பந்திங், ஜெஞ்சாரோம், மோரிப் வரை நிலத்தின் மேலே இருப்பது களிமண், சில இடங்களில் மலாயில் தானா கம்புட் என்கிற கரிச்சதுப்பு மண். அதற்கடியில், ஒரு காலத்தில் இதெல்லாம் கடலாக இருந்தபோது படிந்த மெத்தென்ற கடற்களிமண். கடற்கரையை நெருங்க நெருங்க அதன் கனம் கூடும். அதற்கும் கீழேதான் தண்ணீர் கொடுக்கிற மணலும் சரளையும்; புவியியலாளர்கள் இதைச் சிம்பாங் அடுக்கு என்பார்கள். நடுவில் இருக்கும் களிமண் மூடியைத் தாண்டி மழை நேராக இறங்குவது மிகக் குறைவு. மூடி மெலிந்த மேட்டுப் பக்கங்களில் இறங்கும் தண்ணீர்தான் பக்கவாட்டில் மெல்ல மெல்ல நகர்ந்து நம் கிணற்றுக்கு வருகிறது. அந்த மேட்டு நிலமெல்லாம் வீடமைப்புப் பகுதியாகவும் தார்ச்சாலையாகவும் மாறிக்கொண்டிருப்பது உங்களுக்கே தெரியும்.

ஒன்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன். கலிபோர்னியாவோ பஞ்சாபோ இருக்கும் நிலைமையில் பந்திங் இல்லை. மலேசியாவில் குழாய்த் தண்ணீருக்கே நிலத்தடி நீரைப் பெரிதும் நம்பியிருப்பது கிளந்தான் மாநிலம்தான். நமக்கு வருவது பெரும்பாலும் ஆற்று நீர். அவசரம் இல்லாத நேரத்தில்தான் நிதானமாகக் கணக்குப் போட முடியும்.

கேள்வி: "அளவுக்கு மீறி இறைத்த படுகை"ன்னு சொல்றாங்களே, அது எப்படி இருக்கும்?

தோட்டத்துக் கடையில் பற்று எழுதி வாங்கிய காலம் நினைவிருக்கும். சம்பளத்தைவிடப் பற்று ஒவ்வொரு மாதமும் கொஞ்சம் கூடினால் வீட்டில் யாருக்கும் உடனே தெரியாது, அரிசி வந்துகொண்டேதான் இருக்கும். படுகையும் அப்படித்தான். ஆண்டுக்கு உள்ளே வருவதைவிட வெளியே எடுப்பது கூடினால் நீர்மட்டம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். மழை நல்ல ஆண்டில் ஏறும், ஆனால் பழைய இடத்தைத் தொடாது. ஒரு வறட்சி ஆண்டு இறக்கத்தை வைத்து முடிவுகட்டக் கூடாது. நல்லதும் கெட்டதுமாகப் பல ஆண்டுகளைச் சேர்த்துப் பார்த்தும் கோடு கீழ்நோக்கியே போகிறது என்றால்தான் அது அளவுமீறல்.

கலிபோர்னியாவின் சான் வோக்கின் பள்ளத்தாக்கு இதற்குப் பெயர்போனது. பாதாமும் பிஸ்தாவும் திராட்சையும் விளையும் பூமி. 1988க்குப் பிந்தைய முப்பது ஆண்டுகளில் அங்கே வரவைவிடச் செலவு ஆண்டுக்குச் சராசரியாக 18 லட்சம் ஏக்கர்-அடி (ஓர் ஏக்கரில் ஓர் அடி உயரம் நிற்கும் நீர் ஓர் ஏக்கர்-அடி) கூடுதல் என்று அந்த மாநிலப் பொதுக் கொள்கை ஆய்வு மையம் கணக்கிட்டது. நம் அளவில் ஏறத்தாழ 220 கோடி கன மீட்டர். ஒவ்வோர் ஆண்டும்.

கேள்வி: செம்பனைக்கு யாரும் தண்ணி பாய்ச்சுறதில்ல. அப்புறம் எஸ்டேட்டுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?

சரியான கேள்வி. முளைத்த கன்றுகள் இருக்கும் நாற்றங்காலையும் ஆலையையும் விட்டுவிட்டால், நம் கடற்கரைச் செம்பனைக்குத் தண்ணீர் போதாமை பிரச்சினையே இல்லை. தண்ணீர் தேங்குவதுதான் பிரச்சினை. அதனால்தான் பாரிட், அதாவது வடிகால் வாய்க்கால், வெட்டுகிறோம், கடல் மதகு வைத்து நீரை வெளியே தள்ளுகிறோம். இறைப்பது பம்ப் இல்லை, வாய்க்கால். விளைவு என்னவோ நிலத்தடி நீர்மட்டம் இறங்குவதுதான்.

கரிச்சதுப்பு மண்ணில் இதன் விலை அதிகம். வடித்த முதல் சில ஆண்டுகளில் நிலம் வேகமாகத் தாழும். அதன் பிறகும் வெப்பமண்டலக் கரிச்சதுப்பு ஆண்டுக்கு ஏறத்தாழ 5 சென்டிமீட்டர் தாழ்ந்துகொண்டே இருக்கும் என்பது தென்கிழக்காசியாவில் அளந்து கண்ட கணக்கு. காரணம், காற்றுப் பட்ட அந்த மண் மக்கி வாயுவாகிப் போகிறது. செம்பனை வேர் வெளியே தெரிந்து மரம் சாய்ந்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். மரம் மேலே எழும்பவில்லை, மண் கீழே போயிருக்கிறது. மேல்மண் காய்ந்தால் தீ. கிள்ளான் பக்கம் ஜொகான் செத்தியாவில் வறட்சி வந்தாலே புகை கிளம்புவதும், பிள்ளைகள் முகக்கவசத்தோடு பள்ளிக்குப் போவதும் இதனால்தான். நீடித்த செம்பனை எண்ணெய்க்கான வட்டமேசை அமைப்பின் வழிகாட்டியே, வடிகாலில் நீர் நிலமட்டத்துக்குக் கீழே 50 முதல் 70 சென்டிமீட்டருக்குள் நிற்கட்டும் என்கிறது. அதற்குக் கீழே வடிப்பது மரத்துக்கும் நன்மையில்லை. ஆக, வாய்க்காலில் மணல்மூட்டைத் தடுப்பு போட்டு நீரை நிறுத்துவதும் நிலத்தடி நீர் நிர்வாகம்தான், அதற்கு யாரும் அந்தப் பெயர் வைப்பதில்லை என்றாலும்.

கேள்வி: எதுக்கெடுத்தாலும் கலிபோர்னியா. அங்க என்ன அப்படி நடந்துச்சு?

பணக்கார மாநிலம், தேர்ந்த பொறியாளர்கள், பெரிய அணைகள் எல்லாம் இருந்தும் நிலத்தடி நீருக்கு மட்டும் 2014 வரை மாநிலம் முழுவதுக்குமான சட்டம் போடாமல் விட்டுவைத்தார்கள். நிலம் யாருடையதோ கீழே இருக்கும் நீரும் அவருடையது என்ற பழக்கம். மெண்டோட்டா என்ற ஊருக்குப் பக்கத்தில் 1925க்கும் 1977க்கும் இடையில் நிலம் சுமார் 9 மீட்டர் தாழ்ந்தது. ஜோசப் போலண்ட் என்ற புவியியலாளர் ஒரு கம்பத்தின் பக்கத்தில் நிற்கும் படம் உலகப் புகழ்பெற்றது. 1925இல் நிலம் எங்கே இருந்தது என்று காட்டும் பலகை அவர் தலைக்கு மேலே வெகு உயரத்தில் இருக்கும்.

2012இல் தொடங்கிய கடும் வறட்சிதான் சட்டத்தைக் கொண்டுவந்தது. 2014 செப்டம்பரில் ஆளுநர் ஜெர்ரி பிரவுன் கையெழுத்திட்டார். அதன்படி முக்கியமான படுகைகளில் உள்ளூர்க்காரர்களே முகமை அமைக்க வேண்டும். அந்த முகமை திட்டம் எழுத வேண்டும். மோசமாக வற்றிய 21 படுகைகளுக்கு 2020 ஜனவரி கெடு, இருபது ஆண்டுக்குள் சமநிலைக்கு வரவேண்டும். உள்ளூரில் செய்யத் தவறினால் மாநில நீர்வள வாரியம் வந்து உட்காரும். அந்தக் கடைசி வரி இல்லாவிட்டால் யாரும் கூட்டத்துக்கே வந்திருக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன்.

தவிர்க்க வேண்டிய கேடுகள் என்று அந்தச் சட்டம் ஆறைச் சொல்கிறது: நீர்மட்டம் தொடர்ந்து இறங்குவது, சேமிப்பு குறைவது, கடல்நீர் புகுவது, தரம் கெடுவது, நிலம் தாழ்வது, ஆற்றோடு தொடர்புள்ள இடத்தில் ஆறே வற்றுவது. தங்கள் படுகைக்குப் பொருந்தும் ஒவ்வொன்றுக்கும் "இதற்குக் கீழே போகக் கூடாது" என்று ஓர் எண் எழுத வேண்டும். எண் இல்லாத திட்டம் செல்லாது.

கேள்வி: அந்த ஆறு கேட்டுல நம்மளுக்கு முதல்ல வரக்கூடியது எது?

உப்பு. பிறகு நிலம் தாழ்வது.

கடற்கரையில் நல்ல நீர், கனமான உப்பு நீரின் மேல் நிற்கிறது. திறந்த மணல் அடுக்கில் பொதுவிதி ஒன்று உண்டு: கடல்மட்டத்துக்கு மேல் நல்ல நீர் 1 மீட்டர் நின்றால் கீழே 40 மீட்டர் ஆழத்துக்கு நல்ல நீர் இருக்கும். மேலே 1 மீட்டர் இறங்கினால் கீழிருந்து உப்பு 40 மீட்டர் ஏறும். நம் பக்கம் களிமண் மூடியிருப்பதால் கணக்கு இவ்வளவு நேராக இருக்காது. ஆனால் இன்னொரு தொல்லை இருக்கிறது. பழைய கடல்நீர் அந்தக் களிமண்ணிலேயே சிக்கிக் கிடக்கிறது. கீழே அழுத்தம் குறைந்தால் அது மெல்லக் கசிந்து இறங்கும். கடற்கரையிலிருந்து தள்ளி இருக்கிறோம் என்று கேரித் தீவுக்கு உள்ளே இருப்பவரும் நிம்மதியாக இருக்க முடியாது.

சென்னைக்கு வடக்கே மீஞ்சூர் பக்கம் சொந்தக்காரர்கள் இருந்தால் கேட்டுப் பாருங்கள். வயலுக்கும் நகரத்துக்கும் தொழிற்சாலைக்கும் என்று இறைத்ததில் 1960களின் கடைசியிலேயே கடல்நீர் உள்ளே வந்தது. அது பின்னர் கிலோமீட்டர் கணக்கில் நிலத்துக்குள் நகர்ந்தது.

நிலம் தாழ்வதற்குப் பக்கத்து உதாரணம் பாங்காக். அங்கேயும் மேலே மெத்தென்ற களிமண், கீழே மணல். 1980களின் தொடக்கத்தில் சில பகுதிகள் ஆண்டுக்கு 10 சென்டிமீட்டருக்கு மேல் இறங்கின. களிமண் ஒருமுறை அமுங்கினால் தண்ணீர் திரும்பி வந்தாலும் பழையபடி விரியாது. அந்தச் சேமிப்பு இடமே போய்விடும். நம் பக்கம் கடலைத் தடுக்கும் வரப்பு ஏற்கெனவே இருக்கிறது. வரப்புக்குள் இருக்கும் நிலம் தாழத் தாழ, மதகு வழியே மழைநீர் தானாக வடிவது நின்று பம்ப் வைத்துத் தள்ளும் நிலை வரும்.

லங்காட் படுகையின் நிலத்தடி நீரை நீடித்து நிர்வகிப்பது பற்றி, ஜப்பானின் பன்னாட்டு ஒத்துழைப்பு முகமையான ஜைக்காவும் நம் ஜே.எம்.ஜி.யும், அதாவது கனிம, புவி அறிவியல் துறையும், சேர்ந்து செய்த ஆய்வு 2002இலேயே வந்துவிட்டது. நமக்கு யாரும் சொல்லவில்லை என்று சொல்ல முடியாது.

கேள்வி: சரி, திட்டம்னா எங்கேர்ந்து ஆரம்பிக்கிறது?

அளவிலிருந்து. கூட்டம் போட்டுத் தலைவர், செயலாளர் தேர்ந்தெடுப்பதிலிருந்து ஆரம்பித்தால் அதோடு முடிந்துவிடும்.

நீர்மட்டம்: கிணற்று வாயில் ஓர் இடத்தில் பெயின்ட் அடையாளம் வையுங்கள். எப்போதும் அங்கிருந்தே அளக்க வேண்டும். எடை கட்டிய இரும்பு அளவு நாடாவின் கடைசி ஒன்றிரண்டு மீட்டருக்குச் சாக்கட்டி தேய்த்து இறக்கினால், நனைந்த இடம் தெளிவாகத் தெரியும். காலையில், பம்ப் போடுவதற்கு முன், முந்தைய இரவு முழுக்க ஓய்ந்திருந்த கிணற்றில் அளக்க வேண்டும். பம்ப் ஓடிக்கொண்டிருக்கும்போது அளப்பது உங்கள் பம்பைப் பற்றிச் சொல்லும், படுகையைப் பற்றிச் சொல்லாது. மாதம் ஒருமுறை போதும், ஆனால் விடக் கூடாது.

உப்பு: கையடக்க மின்கடத்து மீட்டர் கடைகளில் கிடைக்கிறது, நீரில் உப்பு கூடக் கூட அதில் எண் கூடும். கடல்நீர் ஏறத்தாழ 50,000 மைக்ரோசீமென்ஸ் காட்டும். நிலத்தில் நட்ட மிளகாய்க்குப் பாய்ச்சும் நீர் சுமார் 1,000 தாண்டினால் விளைச்சல் குறையத் தொடங்கும். பீன்ஸ் இன்னும் பலவீனம், 700லேயே தளரும். வெள்ளரி 1,700 வரை தாங்கும். நம் மழை உப்பைக் கழுவிவிடும் என்பது உண்மைதான். பிளாஸ்டிக் கூரைக்கு அடியில் நட்டவருக்கு அந்த மழை கிடையாது.

இறைக்கும் அளவு: தண்ணீர் மீட்டர் வாங்கினால் நல்லது. இல்லாவிட்டால் 200 லிட்டர் டிரம் நிரம்ப எத்தனை விநாடி என்று பாருங்கள். 100 விநாடி என்றால் மணிக்கு 7.2 கன மீட்டர். பம்ப் எத்தனை மணி ஓடியது என்பதைச் சுவரில் தொங்கும் காலண்டரிலேயே எழுதி வைக்கலாம்.

கேள்வி: எழுதி வச்சு? அதை வச்சு என்ன கணக்கு வரும்?

மேலே சொன்ன பம்ப் ஒரு நாளைக்கு ஆறு மணி நேரம் ஓடினால் 43 கன மீட்டர். வறண்ட நாள் நூறு என்று வைத்தால் ஆண்டுக்கு 4,320. இப்போது வரவு. ஆண்டு மழை 2,000 மி.மீ., அதில் 5 விழுக்காடு ஆழத்து மணலுக்குப் போய்ச் சேர்கிறது என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். அது 100 மி.மீ. ஒரு ஹெக்டேரில் 1 மி.மீ. என்பது 10 கன மீட்டர். ஆக ஹெக்டேருக்கு 1,000 கன மீட்டர். உங்கள் ஒரு பம்புக்கு வேண்டியதைக் கொண்டுவர நாலு ஹெக்டேருக்கு மேல், கிட்டத்தட்ட 11 ஏக்கர் நிலத்தின் ஊறல் தேவைப்படுகிறது. உங்களிடம் இருப்பது இரண்டு ஏக்கர். மீதி ஒன்பது ஏக்கரின் தண்ணீர் பக்கத்துக்காரருடையது.

5 விழுக்காடு என்பது என் அனுமானம்தான். களிமண் கனமான இடத்தில் அதைவிடக் குறையும், மணல் மேட்டில் கூடும். எந்த எண்ணைப் போட்டாலும் ஒரு விஷயம் மாறாது: சின்ன நிலத்துக்காரர் பத்துப் பேர் பத்து டியூப்வெல் போட்டால் அது தனித்தனிக் கிணறு இல்லை, ஒரே கிணற்றில் பத்துக் குழாய்.

கேள்வி: குறைக்கணும்னு முடிவாச்சுன்னா யாரு குறைக்கிறது? நாங்களா, பெரியவங்களா?

எல்லாத் திட்டமும் முட்டி நிற்கும் இடம் இதுதான். அளப்பது, வரைபடம் போடுவது, கூட்டம் நடத்துவது எல்லாம் சண்டையில்லாமல் நடக்கும். பங்கு பிரிக்கும்போதுதான் முகம் மாறும்.

கலிபோர்னியாவில் இரண்டு வாதம். ஏக்கருக்கு இவ்வளவு என்று எல்லோருக்கும் சமமாகப் பிரி என்பது ஒன்று. இதுவரை யார் எவ்வளவு இறைத்தார்களோ அந்த விகிதத்தில் பிரி என்பது மற்றது. இரண்டாவது வாதத்தில் எனக்கு உடன்பாடில்லை. அதிகம் இறைத்துப் படுகையைக் காலி செய்தவருக்கே அதிகப் பங்கு போகும், அடக்கமாக இருந்தவர் இளித்தவாயர் ஆவார். நம் ஊரில் இன்னும் பங்கு பிரிக்கும் நிலை வராததால், முதல் முறையை எழுதிக்கொள்ள இதுவே நல்ல நேரம். பிரிப்பு வரப்போகிறது என்று தெரிந்தால் எல்லோரும் கணக்குக் காட்டுவதற்காகவே கூடுதலாக இறைப்பார்கள். அங்கே புதுக் கிணறுகள் அவசர அவசரமாகத் தோண்டப்பட்டதற்கு அதுவும் ஒரு காரணம்.

அங்கே முதலில் அடிபட்டது யார் தெரியுமா? பாதாம் தோட்ட முதலாளி இல்லை. துலாரே மாவட்டத்தில் கிழக்கு போர்ட்டர்வில் என்ற சிறு குடியிருப்பு. பெரும்பாலும் மெக்சிகோ வழிவந்த, பண்ணை வேலை செய்யும் குடும்பங்கள். வீட்டுக் கிணறு ஆழமில்லாதது. 2014இல் நூற்றுக்கணக்கான வீடுகளில் கிணறு வற்றியது. ஆழமான கிணறு வெட்டப் பணம் இருந்தவர்கள் இன்னும் ஆழமாக வெட்டிக்கொண்டார்கள். குளிப்பதற்கு டிரம்மில் தண்ணீர் வாங்கி வாழ்ந்த அந்தக் குடும்பங்களுக்குப் பிறகுதான் நகரக் குழாய் இணைப்பு வந்தது. தோட்டத்து லயத்தில் பொதுக்குழாயடியில் வரிசை நின்றவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அந்த அனுபவம் பிறகு எழுதப்பட்ட திட்டங்களிலும் சரியாக ஏறவில்லை. 2023 மார்ச்சில் ஆறு படுகைகளின் திட்டங்களை மாநில நீர்வளத் துறை போதாது என்று தள்ளியது. நீர்மட்டம் இவ்வளவு வரை இறங்கலாம் என்று அவர்கள் எழுதிய எண்ணில் வீட்டுக் கிணறுகள் வற்றிப்போகும், நிலமும் தாழும் என்பது முக்கியக் குறை. 2024 ஏப்ரலில் துலாரே ஏரிப் படுகை மாநில வாரியத்தின் கண்காணிப்புக்குக் கீழ் வந்த முதல் படுகை ஆனது. அந்தப் படுகையில்தான் கார்கோரன் என்ற ஊர் இருக்கிறது. ஊரே தாழ்ந்துகொண்டிருப்பதால் வெள்ளக் கரையைத் திரும்பத் திரும்ப உயர்த்துகிறார்கள், செலவில் ஒரு பங்கு ஊர்க்காரர் தலையிலும் விழுந்தது.

அந்தச் சட்டத்தில் எனக்குப் பிடித்த ஒரு விதி உண்டு. வீட்டுத் தேவைக்கு ஆண்டுக்கு 2 ஏக்கர்-அடிக்குள், அதாவது நாளுக்குச் சுமார் 6.8 கன மீட்டருக்குள் எடுப்பவருக்கு மீட்டர் கட்டாயம் இல்லை. குடிநீர்க் கிணற்றைக் கணக்கில் முதலில் ஒதுக்கிவைத்துவிட்டு மிச்சத்தைத்தான் பயிருக்கும் ஆலைக்கும் பிரிக்க வேண்டும். சின்னவர், பெரியவர் என்ற கேள்விக்கு என் பதில்: சின்னவருக்கு விலக்கு, நடுத்தரத்துக்கு மீட்டர், பெரியவருக்கு உச்சவரம்பு.

கேள்வி: காசு வாங்கினா எல்லாரும் குறைச்சுக்க மாட்டாங்களா?

காசு மட்டும் தனியாக வேலை செய்வதில்லை. பாங்காக் 1985இல் கட்டணம் கொண்டுவந்தது. அது சிறியதாக இருந்தவரை தொழிற்சாலைகள் கண்டுகொள்ளவில்லை. படிப்படியாக ஏற்றி, 2000களில் பயன்பாட்டுக் கட்டணமும் பாதுகாப்புக் கட்டணமும் சேர்த்துக் கன மீட்டருக்கு 17 பாட் ஆனபோது, குழாய்த் தண்ணீரைவிடக் கிணற்றுத் தண்ணீர் லாபமில்லாமல் போனது. குழாய்த் தண்ணீர் போய்ச் சேரும் இடங்களில் கிணற்றையும் மூடச் சொன்னார்கள். நிலம் தாழ்வது பெரும்பாலான இடங்களில் ஆண்டுக்கு ஒன்றிரண்டு சென்டிமீட்டராகக் குறைந்தது. மாற்றுத் தண்ணீர் இல்லாத இடத்தில் கட்டணம் போட்டால் அது வெறும் வரி.

கேள்வி: சொட்டுநீர் போட்டா பாதித் தண்ணி மிச்சம்னு கடைக்காரர் சொல்றாரே?

உங்கள் பம்புக்கு மிச்சம். படுகைக்கு மிச்சமா என்பது வேறு. வாய்க்காலில் விட்ட நீரில் ஒரு பகுதி திரும்ப மண்ணுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. சொட்டுநீரில் அது நிற்கிறது. மிச்சமானதை வைத்து இன்னோர் ஏக்கர் போட்டால் மொத்தச் செலவு கூடவே செய்யும். பல நாடுகளில் நடந்தது இதுதான். சொட்டுநீர் வேண்டாம் என்று சொல்லவில்லை: உரம் வீணாகாது, களை குறையும், ஆள்கூலி குறையும். ஆனால் அதை வைத்துக்கொண்டு "நான் படுகையைக் காப்பாற்றிவிட்டேன்" என்று சொல்ல வேண்டுமானால், பயிர்ப் பரப்பைக் கூட்டாமல் இருக்க வேண்டும்.

பஞ்சாப் வேறு வழியில் போனது. 2009இல் போட்ட சட்டம் ஜூன் 10க்கு முன் நெல் நடவு கூடாது என்றது. வெயில் உச்சத்தில் நட்டு ஆவியாகும் தண்ணீரை மிச்சம் பிடிக்க அது உதவியது. அப்படியும் அங்கே இன்னும் ஊறுவதைவிட அதிகமாகத்தான் இறைக்கிறார்கள். இலவச மின்சாரம், நெல்லுக்கு நிச்சயமான விலை, இரண்டும் இருக்கும்வரை நடவுத் தேதியை மட்டும் மாற்றி என்ன ஆகும்?

கேள்வி: மழைத் தண்ணிய குழாய் வச்சு உள்ள இறக்கிட்டா?

தமிழ்நாட்டில் 2003இல் வீட்டுக்கு வீடு கட்டாயமாக்கினார்கள், சென்னையில் கிணறுகள் மேலேறின. அங்கே பல இடங்களில் மணல். இங்கே களிமண் மூடி. குழி வெட்டி விட்டால் குழியிலேயே நிற்கும், கொசுதான் லாபம். ஆழ்குழாய் வழியாக நேராக மணலுக்குள் விடுவது ஆபத்து: உரம், பூச்சிமருந்து, ஆலைக் கழிவு எது கலந்திருந்தாலும் நேராகக் குடிநீருக்குப் போகும், அதை யாராலும் வெளியே எடுக்க முடியாது. துறையின் அனுமதியும் கண்காணிப்பும் இல்லாமல் அதைச் செய்யவே கூடாது.

செய்யக்கூடியது எளிது. கூரை நீரைத் தொட்டியில் பிடித்து நேராகப் பயிருக்கு விடுங்கள். 100 சதுர மீட்டர் கூரையில் 10 மி.மீ. மழை பெய்தால் 1,000 லிட்டர். நம் ஊரில் அது ஒரு சாயங்கால மழை. ஊறல் நடக்கும் மேட்டு நிலங்களைக் கட்டடமாகாமல் காப்பது அதைவிடப் பெரிய வேலை, ஆனால் அது மாவட்டத் திட்டத்தில் தட்டிக் கேட்க வேண்டியது.

கேள்வி: கிணறு தோண்ட யார்கிட்ட அனுமதி கேக்கணும்?

நம் நாட்டில் நீர்வளம் மாநிலத்தின் கையில். சிலாங்கூரில் 1999ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அமைந்த லுவாஸ் என்ற நீர் நிர்வாக வாரியம்தான் ஆற்றிலிருந்தும் நிலத்தடியிலிருந்தும் நீர் எடுப்பதற்கு உரிமம் தருவது. மண்ணடுக்கு, கிணற்றுப் பதிவு விவரங்களுக்கு ஜே.எம்.ஜி. வடிகால், மதகு என்றால் ஜே.பி.எஸ்., அதாவது வடிகால், நீர்ப்பாசனத் துறை. தோண்டுகிற ஒப்பந்தக்காரரே "எல்லாம் நாங்க பாத்துக்கிறோம்ணே" என்பார். உரிமத்தின் நகல் உங்கள் கையில் வரும்வரை முன்பணம் முழுவதையும் கொடுக்காதீர்கள். தோண்டும்போது எத்தனை மீட்டரில் என்ன மண் வந்தது என்ற பதிவைக் கேட்டு வாங்குங்கள். பின்னாளில் அந்த ஒரு தாள் பல ஆயிரம் வெள்ளி பெறும்.

கேள்வி: தண்ணி எடுத்து வச்சா கொஞ்ச நேரத்துல பழுப்பாகுதே, குடிக்கலாமா?

அது இரும்பு, இந்தப் பக்கத்தில் சாதாரணம். காற்றுப் படவிட்டு, தங்கவைத்து, மணல் வடிகட்டியில் விட்டால் பெரும்பாலும் போகும். ஆனால் கண்ணுக்குத் தெரியாத ஆர்செனிக்கையும் கிருமியையும் ஆய்வகத்தில் பார்க்காமல் குடிக்க வேண்டாம். தெளிவாக இருப்பது பாதுகாப்புக்குச் சான்று இல்லை.

கேள்வி: எங்கயாவது இது சரியா வந்திருக்கா, இல்ல எல்லாம் அழுகைதானா?

வந்திருக்கிறது. மகாராஷ்டிரத்தின் அகமத்நகர் (இப்போது அகில்யாநகர்) மாவட்டத்தில் ஹிவ்ரே பஜார் என்ற கிராமம். மழை நமக்கு வருவதில் ஐந்தில் ஒரு பங்கு இருந்தால் பெரிது. பொப்பட்ராவ் பவார் ஊராட்சித் தலைவரானதும் மலைச்சரிவில் வரப்பும் மரமும் போட்டார்கள். எல்லோரும் அதைத்தான் புகழ்வார்கள். என் கண்ணுக்குப் பெரிதாகப் படுவது அடுத்தது: பாசனத்துக்கு ஆழ்குழாய்க் கிணறு கூடாது, கரும்பும் வாழையும் கூடாது என்று ஊர்ச்சபையே முடிவெடுத்தது. ஒவ்வோர் ஆண்டும் மழை முடிந்ததும் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று கணக்குப் போட்டு, அதன்படிதான் அடுத்த பயிர். தண்ணீர் சேர்க்கும் வேலைக்கு ஆள் கிடைப்பது எளிது, செலவைக் கட்டிப்போட ஒத்துக்கொள்ள வைப்பதுதான் கடினம்.

இன்னொன்று, கலிபோர்னியாவிலேயே சாந்தா கிளாரா பள்ளத்தாக்கு. இன்று கணினி நிறுவனங்கள் நிற்கும் இடம் அப்போது பழத்தோட்டம். சான் ஹோசே நகரம் 1970க்குள் சுமார் 4 மீட்டர் தாழ்ந்திருந்தது. வெளியிலிருந்து தண்ணீர் கொண்டுவந்தார்கள், இறைப்பவரிடம் கட்டணம் வாங்கினார்கள், தாழ்வது நின்றது. தாழ்ந்த 4 மீட்டர் திரும்பவில்லை. பகாங்கிலிருந்து 44.6 கிலோமீட்டர் சுரங்கம் வழியாக உலு லங்காட்டுக்குத் தண்ணீர் வருவதால், வெளித் தண்ணீர் என்பது நமக்கும் புதிதல்ல. அது இருக்கும்போதே கிணற்றை வறட்சிக்கான சேமிப்பாக வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

கேள்வி: நாங்க ஏழெட்டுப் பேர் அளக்கத் தயார். பக்கத்துல பெரிய பம்ப் வச்சிருக்கிறவர் மாட்டேங்குறார். என்ன பண்றது?

அவர் இல்லாமலே தொடங்குங்கள். உங்கள் கிணறுகளில் ஓரிரண்டு அவர் எல்லைக்கு அருகில் இருந்தால், அவர் பம்ப் ஓடும் நாளிலும் ஓயும் நாளிலும் உங்கள் மட்டம் எப்படி மாறுகிறது என்பதைத் தேதியும் நேரமும் போட்டு எழுதுங்கள். குற்றச்சாட்டாக எழுத வேண்டாம், வெறும் எண்ணாக. ஓர் ஆண்டு முழுக்கச் சேர்ந்த பிறகு, மழைநாள் எது, வெயில்நாள் எது என்பதையும் பக்கத்திலேயே குறித்து, நகல் எடுத்து லுவாஸுக்கும் ஜே.எம்.ஜி.க்கும் கொடுங்கள். ஒரு பிரதியை அவரிடமும் கொடுங்கள். அவர் கிணறும் அதே மணலில்தான் இருக்கிறது. உப்பு ஏறினால் அவருடைய பெரிய பம்புக்குத்தான் நட்டம் அதிகம் என்று அவருக்குக் கணக்குத் தெரியாமல் இருக்காது.